கே.வை. என்றால் கண்டி

விவசாயத் திணைக்களத்துப் பூச்சி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, லேபல் எழுதுவது பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்த மை, எந்த மட்டை, எத்தனை மில்லிமீற்றர் என்பதெல்லாம் அந்த அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் நான்தான், போய்ப் பாருங்கள். நான் எழுதப் போவது பொறாமையைப் பற்றி. முப்பத்து மூன்று வருடம் அந்த நப்தலீன் வாசத்துக்குள் உட்கார்ந்து, தீனி போட்டு நான் வளர்த்த ஒரே பூச்சி அதுதான்.

லோகேஸ்வரியும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கண்டி டவுனில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் படித்து, கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். அவள் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள். முதல் நாள் அவளைப் பார்த்ததும், இந்தப் பிள்ளைக்கு எல்லாம் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. பல்லி தின்று மிச்சம் வைத்த ஒரு சிறகுத் துண்டை வைத்துக்கொண்டு நான் மூன்று புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணிக் கேத்தலோடு அந்தப் பக்கம் போனவள் எட்டிப் பார்த்தாள்.

"அலரிச் செடியில வர்ற பச்சைப் பருந்து அது, பிலோ. எங்க பக்கம் நிறைய."

கேத்தலைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான். எனக்கு வயிறு எரிந்தது. மரியாதைக்காக இதை வேறு சொல்லால் எழுத எனக்கு மனமில்லை.

பருந்து என்று அவள் சொன்னது பருந்து அந்துப்பூச்சியை. தடித்த உடம்பும் ஒடுங்கிய சிறகுமாக, பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கிற பெரிய சாதி. அதன் புழுக்களுக்கு வாலில் ஒரு கொம்பு இருக்கும். லோகேஸுக்கு அந்தச் சாதி மேல் ஒரு பைத்தியம். எனக்கு அவள் மேல்.

எங்கள் பொறுப்பதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசன். ஆனால் கதவைத் திறந்தால் வாயில் வருவது ஒரே வசனம்தான்: "லோகேஸ் எங்க? அவவை ஒருக்கா வரச் சொல்லுங்கோ." பிலோமினா எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் எப்போதும் கதிரையிலேயே இருந்தேன், கேட்கத் தேவையில்லைதான். இருந்தாலும் கேட்டிருக்கலாம். ஜன்னலோர உருப்பெருக்கி அவளுக்குப் போனது. வெளிநாட்டுப் பயிற்சிக்கும் அவள்தான் போனாள். திரும்பி வரும்போது எனக்கு ஒரு நல்ல பேனை வாங்கிவந்தாள். அதற்கும் சேர்த்துத்தான் அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது.

என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று, லேபல். குண்டூசியில் குத்திய ஒவ்வொரு பூச்சியின் கீழும் இருக்கிற சின்ன மட்டையில் ஊர், நாள், செடி, பிடித்தவர் பெயர் எல்லாம் எறும்பு அளவு எழுத்தில் எழுத வேண்டும். லோகேஸின் எழுத்து கோழி கிளறின மாதிரி. ஆகவே அறையின் லேபல் எல்லாம் என்னுடையவை. மட்டையில் இடம் போதாது என்று, கண்டி என்பதை ஆங்கிலத்தில் 'கே', 'வை' என்று இரண்டே எழுத்தாகச் சுருக்கியதும் நான்தான். ஒரு வருடத்துக்குள் அறையில் எல்லாரும் அப்படியே எழுதத் தொடங்கினார்கள். என் சொல்லை மற்றவர்கள் எடுத்துக்கொண்டது அந்த ஒருமுறைதான், அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

இனி விசயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை, புஷ்பம் என்று ஒரு பெண் யோகட் கோப்பையில் ஒரு புழுவைக் கொண்டுவந்தாள். தோட்ட வேலையை விட்டுவிட்டு, பல்லேகலைக்கு அப்பால் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட்டிருந்தாள். அடுத்த வேலியில் புகையிலை. புழு விரல் தடிப்பு. மருந்தடித்ததில் கறுத்துச் செத்திருந்தது, வால் கொம்பும் பிய்ந்துபோயிருந்தது.

"ஒரே ராத்திரியில ஒரு செடிய மொட்டையாக்கிருச்சு புள்ள. பேர் தெரிஞ்சா என்னா மருந்துன்னு கேக்கலாமேன்னு வந்தேன்."

தக்காளி, புகையிலை இரண்டையும் தின்கிற பருந்துப் புழு நம் ஊரிலேயே உண்டு. முதுகில் மண்டையோடு போன்ற அடையாளம் உள்ள பூச்சியின் புழு அது. நான் அதைத்தான் நினைத்தேன். லோகேஸ் நினைக்கவில்லை. பக்கவாட்டுக் கோடுகள் வேறு மாதிரி இருக்கின்றன என்றாள். செத்துக் கறுத்த உடம்பில் என்ன கோடு தெரியும் என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கண்டிப் பூச்சிகள் இருக்கும் லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த லோகேஸ் திடீரென்று கத்தினாள்.

"பிலோ! இங்க வந்து பாரு!"

சாம்பல் நிறப் பெரிய அந்து. வயிற்றின் இரு பக்கமும் ஆறு ஆறு மஞ்சள் புள்ளி. கீழே என் கையெழுத்தில் லேபல்: புகையிலை, லெக்சிங்டன், கே.வை.

"இது அமெரிக்காவுல இருக்கிற புகையிலைப் பருந்து. நம்ம நாட்டுல இல்லன்னுதான் எல்லா புத்தகத்திலயும் இருக்கு. ஆனா நம்ம கண்டியிலயே ஒரு காலத்துல புடிச்சிருக்காங்க. லெக்சிங்டன் எங்க பக்கம் பழைய டிவிஷன் பேரா இருக்கும். எத்தனை தோட்டத்தோட பேர் இப்ப அழிஞ்சு போச்சு!"

தேத்தண்ணி நேரத்தில் அவள்தான் கதை. இருட்டத் தொடங்கும் வேளையில் அது பூவின் முன்னால் தேன்சிட்டு மாதிரி நிற்குமாம். நாக்கு உடம்பைவிட நீளமாம். புழு புகையிலை நஞ்சைத் தின்றும் சாகாதாம். அந்த நஞ்சை மூச்சோடு வெளியே விட்டுச் சிலந்தியைத் துரத்துமாம். பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகுமாம். அந்தக் கூட்டுப்புழுவில், வரப்போகிற நாக்குக்கென்று, கூஜாவின் கைப்பிடி மாதிரி ஒரு வளைவு இருக்குமாம். எல்லாரும் கோப்பையைக் கையில் வைத்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தேத்தண்ணியும் ஆறிப்போனது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பொறாமைக்காரிக்கு ஞாபகசக்தி அதிகம்.

பொறுப்பதிகாரிக்குச் சந்தோசமும் பயமும் ஒன்றாக வந்தன. "உது உண்மையெண்டால் தக்காளி, மிளகாய், கத்தரி ஒண்டும் மிஞ்சாது. லேபல் நிச்சயமோ?"

"பிலோ எழுதின லேபல் சேர்."

"ஓம், அப்ப சரி."

அவ்வளவுதான். முப்பது வருடத்தில் என்னைப் பற்றி அந்த அறையில் சொல்லப்பட்ட மிகப் பெரிய பாராட்டு அது. எனக்கு அது காதில் விழவேயில்லை. இனி இந்தப் பூச்சியோடு அவள் பெயர்தானே போகும் என்ற ஒன்றே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்று பின்னேரமே பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அறிவித்தாயிற்று. புதன்கிழமை புஷ்பத்தின் தோட்டத்தைப் பார்த்து, பூச்சி பரவாமல் செடிகளைப் பிடுங்கி எரிப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, முந்திய நாள் வந்திருந்த பார்சலைப் பிரித்தேன். என் ஞானப்பிள்ளை ஒருத்தி படிப்புக்காக அமெரிக்கா போயிருந்தாள். தகர டப்பாவில் சொக்லட் அனுப்பியிருந்தாள். அனுப்பியவர் முகவரியைப் பார்த்தேன். லெக்சிங்டன். பக்கத்தில் கே, வை.

கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கே.வை. கண்டி இல்லை. கெண்டக்கி. அமெரிக்காவில் ஒரு மாநிலம்.

முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோசம். நெஞ்சு குளிர்ந்த சந்தோசம். லோகேஸ் விழப்போகிறாள், அதுவும் எல்லார் முன்னாலும். அந்தச் சந்தோசம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு பழையதொரு நாள் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பூஞ்சணம் பிடித்த வெளிநாட்டு அலுமாரியைத் துடைக்கச் சொன்னார்கள். பண்டமாற்றாக எங்கிருந்தோ வந்த பூச்சிகள் அவை. அவற்றில் ஒன்றின் லேபலில் லெக்சிங்டன், கே.வை. என்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரையெல்லாம் நம் மலைகளுக்கு வைத்துவிட்டுப் போனவர்கள். இதுவும் ஏதோ தேயிலைத் தோட்டம் என்று நினைத்தேன். எந்த மடையன் கண்டிப் பூச்சியை வெளிநாட்டு அலுமாரியில் வைத்தான் என்று திட்டிக்கொண்டே, அழுக்கு லேபலை எறிந்துவிட்டு என் அழகான எழுத்தில் புதிதாக எழுதிக் கண்டி லாச்சிக்கு மாற்றினேன். அந்த மடையன் நான்தான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நிமிடமே ஒரு போன் கோல். லோகேஸின் நம்பர் என் போனில் முதலாவதாக இருந்தது. நான் அழுத்தவில்லை. முகவரித் துண்டை வெட்டி ஹேண்ட்பேக்கில் வைத்தேன். திங்கட்கிழமை யாரும் இல்லாத நேரம் லாச்சியைத் திறந்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். ஒன்றுதான். லாச்சியை மூடிவிட்டுப் போய், சொக்லட் டப்பாவை எல்லாருக்கும் நீட்டினேன். லோகேஸ் இரண்டு எடுத்தாள். "உன் ஞானப்பிள்ளைக்கு நல்ல மனசு, பிலோ" என்றாள்.

வெட்கத்தால்தான் பேசாமல் இருந்தேன், என் பிழை வெளியே வந்துவிடுமே என்று பயந்தேன், என்று பின்னால் எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி உண்மை. மற்றப் பாதி, அவள் விழுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிற்று.

புதன்கிழமை காலை பொறுப்பதிகாரி, லோகேஸ், நான் மூவரும் போன வான் நின்றபோது புஷ்பம் வேலியோரம் காத்து நின்றாள். தக்காளி நிறம் மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு கிழமையில் முதல் பறிப்பு. இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள், வைக்கோலும் டீசல் கலனும் இறக்கியாயிற்று. மூத்த அதிகாரி சிங்களத்தில் ஒரே கேள்விதான் கேட்டார், எவ்வளவு நிச்சயம் என்று. லோகேஸ் புழுவைப் பற்றிச் சொன்னாள். பாதி நிச்சயம்தான், கொம்பு இல்லை, நிறமும் போய்விட்டது என்று ஒளிக்காமல் சொன்னாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"மிச்சப் பாதி லேபல் சேர். எங்க ரூம்ல லேபல் எழுதுறது இவதான். நான் பூச்சியப் பார்த்து ஏமாந்திருக்கேன். பிலோ எழுத்துல ஒரு நாளும் ஏமாந்ததில்ல."

அதிகாரி தலையாட்டினார். புஷ்பம் முன்னால் வந்தாள். வேறு ஆள் வேண்டாம், நட்ட கையாலேயே பிடுங்குகிறேன் என்றாள். ஒரு செடி. இரண்டு. வேரில் மண் ஒட்டியிருந்தது, காய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு தொங்கின. மூன்றாவதைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"காட்டாம நசுக்கிப் போட்டிருந்தா தோட்டம் நின்னுருக்கும் இல்லயா புள்ள?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்கிற நாள் வரவே கூடாது.

"நிறுத்துங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினேன். "நிறுத்துங்க! அது கண்டி இல்ல!"

ஹேண்ட்பேக்கைத் திறந்து துண்டை நீட்டினேன். கே.வை. என்றால் கெண்டக்கி என்றும், அந்தப் பூச்சி அமெரிக்காவிலிருந்து செத்து, குண்டூசியில் ஏறி வந்தது என்றும், கண்டி லாச்சிக்கு அதை மாற்றியது நான் என்றும் சொன்னேன். பொறுப்பதிகாரி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதை எப்ப கண்டனீர்?"

"நேத்துப் பின்னேரம் சேர். ஞானப்பிள்ளையோட பார்சல் நேத்துத்தான் வந்துச்சு."

லோகேஸ் என்னை ஒரு முறை பார்த்தாள். ஒரு முறைதான். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். "முதல்ல மண்ணத் தோண்டிப் பார்ப்போம் சேர். மொட்டையான செடியடியில எங்கயாவது கூட்டுப்புழு இருக்கும்."

மண்வெட்டியை அவளே வாங்கிக் கொத்தினாள். முக்கால் முழ ஆழத்தில், பெருவிரலைவிடப் பெரிதாக, காப்பி நிறத்தில் ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் வைத்து ஊதி மண்ணைத் தட்டினாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். வழவழவென்று இருந்தது. கைப்பிடி இல்லை.

"இது நம்ம ஊர் மண்டையோட்டுப் பூச்சி" என்றாள் லோகேஸ். "பிழை என்னோடது சேர். லேபல மட்டும் வச்சு அவசரப்பட்டுட்டேன்."

அவள் பிழை இல்லை. எல்லாருக்கும் முன்னால்தான் நான் சொல்லியிருந்தேன், லாச்சி மாற்றியது நான் என்று. ஆனாலும் அவள் சொன்னதுதான் எல்லார் காதிலும் நின்றது. புஷ்பம் பிடுங்கிய மூன்று செடியையும் மறுபடி நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொடுத்ததும் அவள்தான். திரும்பும்போது வானில் பொறுப்பதிகாரி சொன்னார்: "பிழையை உப்பிடிச் சபையில ஒப்புக்கொள்ள ஒரு நெஞ்சு வேணும் லோகேஸ்." எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை. விழுந்ததிலும் இவள் என்னைவிட நன்றாக விழுகிறாளே என்று இருந்தது. அடுத்த கிழமை புஷ்பம் ஒரு பை தக்காளி கொடுத்தனுப்பினாள். பையில் எழுதியிருந்தது: லோகேஸ் மிஸ்ஸுக்கு. அதில் பாதியை லோகேஸ் எனக்குத் தந்தாள். குழம்பு வைத்தேன், நல்ல தக்காளி.

கூட்டுப்புழுவை மண் போட்ட போத்தலில் வைத்திருந்தாள். சில கிழமையில் மண்டையோட்டுப் பூச்சிதான் வந்தது. அதற்கான லேபலை நான் எழுதினேன். கண்டி என்று முழுதாக. அன்றிலிருந்து அறையில் கே.வை. கிடையாது. ஏன் என்று நீங்கள் யாரையாவது கேட்டிருந்தால், இடம் போதுமான மட்டை வாங்கிவிட்டோம் என்று சொல்லியிருப்பார்கள்.

அறுபது வயது முடிந்து நான் வெளியே வந்த நாளில் கேக் வெட்டினார்கள், பேசினார்கள். லோகேஸ் பேசவில்லை. எனக்கு அவள் பேசாததும் ஒரு குறைதான், என் பிரியாவிடையில்கூடவா என்று நினைத்தேன். எல்லாரும் போன பிறகு ஒரு சின்ன அட்டைப் பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, "வீட்ல போய்ப் பாரு" என்றாள்.

வீட்டில் திறந்தேன். பூச்சிப் பெட்டி. அடியில் வெள்ளைத் தக்கை. அதில் எங்கள் குண்டூசியில், பூச்சி குத்துவது போலவே ஒழுங்காக, மடித்த சொக்லட் தாள் ஒன்று குத்தியிருந்தது. மினுக்கம் மங்கிய பழைய தாள். கீழே ஒரு லேபல், கோழி கிளறின எழுத்தில், ஆனால் நான் சுவரில் ஒட்டிய விதி ஒன்றுகூடப் பிசகாமல்:

சொக்லட். லெக்சிங்டன், கெண்டக்கி. கிடைத்த நாள்: திங்கட்கிழமை. தந்தவர்: பிலோமினா.

இத்தனை வருடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டத்தில் அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்திருக்கிறது. நேற்றுத்தான் பார்சல் வந்தது என்று நான் சொன்னபோது, முந்தநாளே அந்தச் சொக்லட்டைத் தின்றவள் அவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த மண்ணிலேயே புதைந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. மண்வெட்டியைத்தான் வாங்கினாள்.

ஆகவே, லேபல் எழுதும்போது ஊரை முழுதாக எழுதுங்கள். பழைய லேபலை எறியாதீர்கள். ஒன்று தெரிந்தால் தெரிந்த நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, லோகேஸ் மிஸ் இன்னும் நாலு மாதம் அங்கேதான் இருப்பாள், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இதை அவளுக்கும் வாசிக்கக் கொடுங்கள். வாசித்து முடித்ததும் சொல்லுங்கள், லேபலில் ஒரு திருத்தம் இருக்கிறதென்று பிலோ சொன்னாள் என்று. கிடைத்த நாள் திங்கட்கிழமைதான், சரி. ஆனால் எனக்குத் தெரிந்த நாள் ஞாயிற்றுக்கிழமை.